ஓவியத்தின் பின்பக்கத்தையும் கேளுங்கள்: ஏல நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஏல நிறுவனங்களின் நவீன ஓவியப் பிரிவினர், மதிப்பீட்டாளர்கள், ஓவிய வணிகர்கள்

வணக்கம்.

தாத்தாவோ பாட்டியோ விட்டுப்போன எக்ஸ்பிரஷனிச எண்ணெய் ஓவியம் ஒன்றை (உள்ளத்து உணர்ச்சியை முன்வைத்து வரைந்த, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாணி அது) விற்க நினைக்கும் குடும்பம் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். உங்கள் இணையதளத்தில் ஒரு படிவம் இருக்கிறது: ஓவியர் பெயர், அளவு, ஒரு புகைப்படம். சில வாரங்களில் இரண்டு வரியில் பதில் வரும். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகலாம் என்று இருக்கும், அல்லது எங்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று இருக்கும். அந்த இரண்டு வரிக்கும் ஏல நாளுக்கும் நடுவில் என்னென்ன கேள்விகள் கிளம்பும், எங்கே பணம் கழியும், எந்த இடத்தில் விற்பனையே நின்றுபோகும் என்பது உங்களுக்கு அத்துப்படி. குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. தெரிய வரும்போது பெரும்பாலும் கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார்கள். நாங்கள் ஓவியங்களைச் சீரமைப்பவர்களும், ஒரு ஓவியம் கைமாறி வந்த வரலாற்றைத் தேடித் தொகுப்பவர்களும். நீங்கள் கடைசியில் சொல்வதை முதல் பதிலிலேயே சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் படிவம். ஒரே ஒரு முன்பக்கப் படத்தை வைத்து விலை சொல்லும் பழக்கத்தை விடுங்கள். ஒரு எக்ஸ்பிரஷனிச ஓவியத்தைப் பற்றிய செய்தியில் பாதி அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கம் முழுவதும் தெரிய ஒரு படம், ஒட்டப்பட்ட ஒவ்வொரு சீட்டையும் எழுத்து படிக்கும்படி ஒரு படம், துணியை இழுத்துக் கட்டியிருக்கும் உள்சட்டத்தின் நான்கு மூலைகள், துணியின் மடிந்த ஓரம், கையெழுத்து இருக்கும் இடத்தை நெருங்கி எடுத்த ஒரு படம், பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடித்து எடுத்த முன்பக்கம் ஒன்று. இவ்வளவையும் பகல் வெளிச்சத்தில் ஒரு கைபேசியால் எடுத்துவிடலாம். அளவைச் சட்டகம் இல்லாமல், உயரம் முதலில், அகலம் அடுத்து என்று சென்டிமீட்டரில் கேளுங்கள். சட்டகத்தோடு அளந்து அனுப்பினால், ஓவியரின் முழுத் தொகுப்புப் பட்டியலில் இருக்கும் அளவோடு அது பொருந்தாது. பிறகு இது வேறு ஓவியமோ என்ற வீண் சந்தேகம் கிளம்பும்.

பின்பக்கத்தில் என்ன இருக்கும் என்பதற்கு ஜெர்மன் ஓவியர் கிர்ஷ்னரே போதும். 1905இல் டிரெஸ்டனில் ஹெக்கல், ஷ்மிட்-ரோட்லுஃப், பிளைல் ஆகியோரோடு சேர்ந்து 'பாலம்' குழுவைத் தொடங்கிய அவர், துணியின் இருபுறமும் வரைந்த ஓவியங்கள் ஏராளம். பின்பக்கத்து ஓவியம் சில நேரம் சுண்ணப் பூச்சின் கீழ் மறைந்திருக்கும். சட்டகக்காரர் அடித்த அட்டைக்குப் பின்னால் கிடப்பதும் உண்டு. 1938இல் அவர் இறந்த பிறகு அவரிடம் எஞ்சியிருந்த படைப்புகளின் பின்னால் அவர் விட்டுப்போனவை என்று காட்டும் முத்திரையும் கையால் எழுதிய எண்ணும் வந்தன. அவர் தம் பழைய ஓவியங்களைப் பின்னாளில் திருத்தி வரைந்ததும், சிலவற்றுக்கு முந்தைய ஆண்டைப் போட்டுக்கொண்டதும் துறையில் எல்லோரும் அறிந்தது. ஆகவே ஓவியத்தில் இருக்கும் தேதியும் துணியின் வயதும் முரண்பட்டால், உடனே போலி என்று தள்ளிவிட முடியாது. இந்த நுணுக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனால் 'தேதி பொருந்தவில்லை' என்று மட்டும் எழுதி அனுப்பினால், குடும்பம் அந்த ஓவியத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடும்.

சட்டகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சேருங்கள். இந்த ஓவியர்களில் சிலர் தங்கள் சட்டகங்களைத் தாங்களே வடிவமைத்தார்கள், வண்ணம் பூசினார்கள். பார்வைக்குக் கரடுமுரடான, தட்டையான மரச்சட்டம். விற்கும் முன் அழகாக இருக்கட்டுமே என்று குடும்பத்தினர் புதுச் சட்டகம் போட்டு, பழையதை விறகோடு சேர்த்துவிடுகிறார்கள். ஓவியத்தோடு கூடவே வந்த சட்டகம் ஒரு சான்று. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் கண்காட்சிச் சீட்டு, அதைவிடப் பெரிய சான்று.

அடுத்து, துடைப்பது. உங்கள் பதிலில் 'படம் சற்று மங்கலாக இருக்கிறது' என்று எழுதும் கை, 'தயவுசெய்து எதுவும் செய்யாதீர்கள்' என்றும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் மேசைக்கு வரும் ஓவியங்கள் சொல்லும். ஈரத்துணி, உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி, பாத்திரம் துலக்கும் சோப்பு நீர், இணையத்தில் யாரோ சொன்ன எலுமிச்சைச் சாறு.

மற்ற ஓவியங்களைவிட எக்ஸ்பிரஷனிச ஓவியங்களுக்கு இதனால் கேடு அதிகம். காரணம் அவற்றின் மேற்பரப்பு. இந்தத் தலைமுறையில் பலர் பளபளப்பை வெறுத்தார்கள். எண்ணெயை உறிஞ்சும் அடிப்பூச்சின் மேல் வரைந்தார்கள், வண்ணத்தை நீர்க்கக் கலந்தார்கள், கிர்ஷ்னர் பென்சினும் மெழுகும் சேர்த்தார். வார்னிஷ் பூசாமலே விட்டார்கள். பளபளப்பில்லாத அந்த மேட் பரப்பில் வண்ணத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய் குறைவு. ஈரப்பஞ்சால் தொட்டாலே தூள் பஞ்சோடு வந்துவிடும். தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். அந்த மினுமினுப்பை மறைக்க முழுவதற்கும் வார்னிஷ் பூசுவார்கள். அது நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி வண்ணத்தைக் கறுக்க வைக்கும். மேலே நின்றதை ஒருவேளை எடுத்துவிடலாம், உள்ளே இறங்கியதை எடுக்க வழியில்லை. மேட் ஆக இருக்க வேண்டிய ஓவியம் பளபளத்தால் விவரமான வாங்குபவர் கையைத் தூக்கமாட்டார். இதில் வேடிக்கை, பளபளப்பாக இருந்தால் படம் நன்றாக விழும் என்று உங்களில் சிலரே வார்னிஷ் பூசச் சொல்வதுதான். தயவுசெய்து நிறுத்துங்கள்.

உள்சட்டத்தின் மூலைகளில் சின்னச் சின்ன மர ஆப்புகள் இருக்கும். துணி தொய்ந்தால் இறுக்குவதற்காக வைத்தவை. காலப்போக்கில் அவற்றில் ஒன்று கழன்று, துணிக்கும் கீழ்க்கட்டைக்கும் இடையே உள்ள இடுக்கில் விழுந்து கிடக்கும். முன்பக்கம் பார்த்தால் கீழோரத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு புடைப்பு. அதைச் சுற்றி அரைவட்டமாக விரிசல்கள், நடுவில் வண்ணம் உதிர்ந்து அடிப்பூச்சு வெள்ளையாகத் தெரியும். அந்தப் புடைப்பை முன்னாலிருந்து அழுத்துவதும் தவறு, ஆப்பைச் சுத்தியலால் அடித்து இறக்குவதும் தவறு. பழைய துணி காய்ந்து விறைத்திருக்கும். மூலையில் அடித்த அடியில் ஓரம் கிழியும். படத்தைச் செங்குத்தாக வைத்து, உங்களிடமோ எங்களிடமோ கொண்டுவரச் சொன்னால் போதும்.

கொண்டுவருவதற்கும் முறை உண்டு. குமிழி உறையை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றினால், தடித்த வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். வண்ணம் மேலே படாதபடி ஆழமான சட்டகத்தில் பொருத்தி, அதற்கு மேல் உறையிடுவதே சரி. முகம் கீழாகப் படுக்க வைக்கக் கூடாது, சுருட்டக் கூடாது. 1900களின் தொடக்கத்தில் பரவலாகப் புழங்கிய துத்தநாக வெள்ளை, வயதாக வயதாக நொறுங்கும் தன்மை பெறும். அது இருக்கும் ஓவியத்தைச் சுருட்டினால் வண்ண அடுக்கு ஓடு ஓடாகப் பெயர்ந்துவிடும். ஒப்பு ஈரப்பதம் 40க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில், அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கும் அறை நல்லது. சமையலறைச் சுவரும் வெயில் படும் வெளிச்சுவரும் ஆகாது.

இப்போது நீங்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். குடும்பம் 'இது தாத்தாவின் சேகரிப்பிலிருந்து வந்தது' என்று சொன்னவுடன் உங்கள் முகம் மாறுகிறது. காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி கும்பல் பல ஆண்டுகள் போலிகளை விற்றது இதே வார்த்தையைச் சொல்லித்தான். மனைவியின் தாத்தா வெர்னர் யேகர்ஸின் சேகரிப்பு என்று கதை கட்டினார்கள். மனைவி தம் பாட்டியைப் போல உடுத்தி, சுவரில் அந்த ஓவியங்கள் தொங்க, பழைய புகைப்படம் போலவே படம் எடுத்துக்கொண்டார். பின்பக்கத்தில் ஓவிய வணிகர் ஆல்ஃபிரட் ஃப்ளெக்ட்ஹைமின் பெயரில் போலிச் சீட்டு. கம்பன்டாங்க் 1914இல் வரைந்தது என்று 2006இல் ஏலத்தில் போன குதிரைகள் ஓவியம் 28 லட்சத்து 80 ஆயிரம் யூரோவுக்கு விற்றது. ஆய்வில் அதில் டைட்டானியம் வெள்ளை இருந்தது தெரிந்தது. 1914இல் ஓவியர்களுக்கு அந்த நிறம் கிடையாது. 2011இல் பெல்ட்ராக்கிக்கு ஆறு ஆண்டு சிறை.

அதன் பிறகு நீங்கள் எச்சரிக்கையாக இருப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை நேராகச் சொல்லாமல், 'எங்கள் ஏலத்துக்குப் பொருந்தாது' என்று பூசி மெழுகி அனுப்பும்போது உண்மையான வாரிசு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். சொல்ல வேண்டியது சுலபம். குடும்பக் கதை சான்றாகாது, குடும்பத் தாள்தான் சான்று. வாங்கிய ரசீது, காட்சிக்கூடத்தின் கடிதம், பழைய காப்பீட்டுப் பட்டியல், வீடு மாறியபோது எழுதிய சாமான் பட்டியல், உயில், கண்காட்சிக்கு இரவல் கொடுத்த ஒப்புச்சீட்டு, பிறந்தநாள் படத்தின் பின்னணியில் சுவரில் தெரியும் ஓவியம். (புகைப்படத்தையும் போலி செய்யலாம் என்பதுதான் பெல்ட்ராக்கி கற்பித்தது. அச்சுத்தாளின் முதுகையும் பாருங்கள், மூலப்படமே இருந்தால் அதைக் கேளுங்கள்.) இறந்தவரின் அலமாரியைக் காலி செய்யும் முதல் வாரத்திலேயே இந்தத் தாள்கள் குப்பைக்குப் போய்விடுகின்றன. 'தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்' என்ற ஒரு வரி உங்கள் படிவத்தின் தலையில் இருந்தால் எத்தனையோ ஓவியங்கள் தப்பித்திருக்கும்.

சோதனைகளையும் வரிசையாகச் சொல்லுங்கள், மலிவிலிருந்து தொடங்கி. இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டினால், பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அதன் மேல் பின்னாளில் தொட்டுப் பூசிய இடங்கள் கறுத்த திட்டுகளாகத் தெரியும். துத்தநாக வெள்ளை மஞ்சள் சாயலில் ஒளிரும், டைட்டானியம் வெள்ளை மந்தமாக இருக்கும். துணி இழைகள் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால், 1950க்குப் பிறகு பரவலான வெண்மையூட்டிகள் அதில் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அது துணி தயாரானபோதே வந்ததா, பிற்காலத்தில் யாரோ துவைத்ததில் அல்லது பின்னால் புதுத் துணி ஒட்டியதில் வந்ததா என்று பார்க்க வேண்டும். உருப்பெருக்கியில் கையெழுத்தைப் பாருங்கள். கையெழுத்தின் வண்ணம் விரிசலுக்குள் வழிந்திருந்தால், ஓவியம் காய்ந்து வெடித்த பிறகு போட்ட கையெழுத்து அது. விரிசல் கையெழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் நல்ல அறிகுறி. இதற்குப் பிறகுதான் எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் சோதனை. வண்ணத்தைச் சுரண்டாமலே தனிமங்களைச் சொல்லிவிடும். டைட்டானியம் அகப்பட்டால் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஓட்டையை அடைத்த இடத்தில் இருந்தால் அது சீரமைப்பாளர் கைவண்ணம். ஓவியம் முழுக்க, அடி அடுக்கிலும் இருந்தால் ஆண்டைத் திருத்த வேண்டியதுதான். 1935 வாக்கில் சந்தைக்கு வந்த தாலோசயனைன் நீலமும் இப்படிக் காட்டிக்கொடுக்கும், ஆனால் அதற்கு வேறு கருவி வேண்டும். எக்ஸ்ஆர்எஃப் கரிமச் சாயங்களை நம்பத்தக்கபடி காட்டாது. எந்தச் சோதனையும் 'இது இன்னார் வரைந்தது' என்று நிரூபிக்காது. 'இன்னார் வரைந்திருக்க முடியாது' என்று வேண்டுமானால் நிரூபிக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பணம் கட்டும் முன்பே குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

யாரிடம் கருத்துக் கேட்பது என்பதிலும் மறைக்காதீர்கள். ஒவ்வொரு ஓவியருக்கும் சந்தை ஏற்றுக்கொள்ளும் ஆளோ அமைப்போ ஒன்றுதான் இருக்கும். ஓவியர் நோல்டேக்கு ஜெர்மனியின் ஸேபுல்லில் உள்ள அறக்கட்டளை, கிர்ஷ்னருக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள ஆவணக் காப்பகம் என்று. வேறு பேராசிரியர் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தாலும் ஏலத்தில் அது செல்லாக்காசு. இது தெரியாமல் குடும்பங்கள் தெருமுனை நிபுணர்களிடம் காசைக் கரைக்கின்றன. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில நாடுகளில் இப்படிக் கருத்துச் சொல்லும் குழு போலி என்று தீர்மானித்தால் ஓவியம் திரும்பி வராமலே போகலாம். 2014இல் பாரிஸில் ஓவியர் ஷகாலின் படைப்புகளுக்கான குழுவுக்கு அனுப்பிய ஓவியம் ஒன்றைப் போலி என்று முடிவு செய்து, அழிக்க வேண்டும் என்றது அந்தக் குழு. அனுப்பும் முன் அந்தக் குழுவின் விதிகளை எழுத்தில் வாங்கிப் படிக்கச் சொல்வது உங்கள் கடமை.

இனி எல்லாவற்றிலும் கனமான பகுதி: ஜெர்மனியில் நாஜிகள் ஆண்ட 1933 முதல் 1945 வரை ஓவியம் எங்கே இருந்தது?

இதில் இரண்டு கதைகள் கலந்து கிடக்கின்றன. நீங்கள் அவற்றைப் பிரித்துச் சொல்லாததால் குடும்பங்கள் அநாவசியமாகப் பயப்படுகின்றன, அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கின்றன. முதல் கதை, அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தது. 1937 ஜூலை 19இல் மியூனிக்கில், நவீன ஓவியங்களை இழிவுபடுத்த நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சி திறந்தது. அதையொட்டி ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட படைப்புகளை அரசு எடுத்துக்கொண்டது. 1938 மே 31இல் இழப்பீடு தராமல் அதற்குச் சட்டமும் போட்டது. புக்ஹோல்ட்ஸ், குர்லிட், மோய்லர், போமர் என்ற நான்கு வணிகர்கள் வெளிநாட்டுப் பணத்துக்கு விற்றார்கள். 1939 ஜூன் 30இல் லூசெர்னில் ஒரு ஏலமும் நடந்தது. அரசு தன் அருங்காட்சியகங்களிலிருந்தே எடுத்தது என்பதால், அந்தச் சட்டம் பின்னர் ரத்தாகவில்லை, அந்த விற்பனைகளும் செல்லும் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பின்பக்கத்தில் பழைய அருங்காட்சியக எண் இருந்தால், பறித்தவற்றின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். பட்டியலின் முழுப் பிரதி லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் இணையத்தில் தரவுத்தளம் வைத்திருக்கிறது. இதில் ஒரு விலக்கு உண்டு: அருங்காட்சியகத்துக்குத் தனியார் இரவல் கொடுத்திருந்ததையும் சேர்த்து எடுத்திருந்தால் கதை வேறு. பால் கிளேயின் 'சதுப்பு நிலப் புராணம்' அப்படிப்பட்டது. பல பத்தாண்டு வழக்குக்குப் பிறகு 2017இல்தான் சமரசம்.

இரண்டாவது கதை, யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்தது, மிரட்டி வாங்கியது, நாட்டைவிட்டு ஓடும்போது அடிமாட்டு விலைக்கு விற்கவைத்தது. இதற்குக் காலக்கெடு முடிந்துவிட்டது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. 1998 டிசம்பரில் நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் குறித்து 44 நாடுகள் ஏற்ற வாஷிங்டன் கொள்கைகளுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது, அவை பேசுவதும் பொதுச் சேகரிப்புகளைப் பற்றித்தான். ஆனாலும் சந்தை அதன்படிதான் நடக்கிறது. கிர்ஷ்னரின் 'பெர்லின் தெருக்காட்சி' 2006இல் பெர்லினில் இருந்த அருங்காட்சியகத்திலிருந்து ஆல்ஃபிரட் ஹெஸ்ஸின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போனது. அதே ஆண்டு நியூயார்க்கில் 3 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சந்தேகம் தீராத ஓவியத்தை எந்தப் பெரிய ஏல நிறுவனமும் அச்சுப் பட்டியலில் போடாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது, இந்தத் தேடலை முதலில் செய்யுங்கள். ஒப்பந்தம் போட்டு, படம் எடுத்து, பட்டியல் அச்சுக்குப் போகும் தறுவாயில் திருடுபோன, பறிபோன ஓவியங்களைப் பதிந்து வைக்கும் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரிலும் ஜெர்மனியின் மாக்டேபுர்க்கில் உள்ள லாஸ்ட் ஆர்ட் தரவுத்தளத்திலும் பார்த்துவிட்டு, 'சிக்கல் இருக்கிறது, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்கிறீர்கள். அதற்குள் ஓவியத்தின் பெயர் பலர் காதில் விழுந்துவிடும். விலக்கிக்கொண்டதற்குக் கட்டணம் வேறு. தரவுத்தளத்தில் பெயர் வராதது குற்றமின்மைச் சான்றிதழும் ஆகாது. யாரும் இன்னும் தேடவில்லை என்று மட்டுமே அர்த்தம். திருட்டுப் போனவற்றுக்கு இன்டர்போலின் இலவசச் செயலியைக் குடும்பமே கைபேசியில் போட்டுப் பார்க்கலாம். அதையாவது சொல்லுங்கள்.

சிக்கல் தென்பட்டால் விற்கவே முடியாது என்றும் சொல்லிவிடாதீர்கள். முடியும். மேலே சொன்ன வணிகர் குர்லிட்டின் மகன் தந்தையிடமிருந்து வந்த, ஓவியர் பெக்மானின் சிங்கம் பழக்குபவர் ஓவியத்தை 2011இல் ஏலத்துக்குக் கொடுத்தபோது, அதை முன்பு வைத்திருந்த வணிகர் ஃப்ளெக்ட்ஹைமின் வாரிசுகளோடு விற்பனைக்கு முன்பே பேசி, தொகையைப் பங்கிட ஒப்புக்கொண்ட பிறகே அது ஏலம் போனது. பறிகொடுத்த குடும்பத்துக்கு நியாயம், வாங்குபவருக்கு நிம்மதி, விற்பவருக்கும் பணம். இப்படி ஒரு வழி இருப்பதை வாரிசுகளிடம் சொல்பவர் அபூர்வம். அந்தப் பேச்சில் குடும்பத்துக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும். உங்கள் வழக்கறிஞர் உங்களுக்காகத்தான் பேசுவார்.

பணக் கணக்குக்கு வருவோம். உங்கள் மதிப்பீட்டை எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு எண்ணாகத் தாருங்கள்: சுத்தியல் விழுந்தால் குடும்பத்தின் கைக்கு எவ்வளவு வரும்? சுத்தியல் விலை, அதாவது ஏலம் கேட்டு முடிந்த விலை, 100 என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். வாங்குபவர் உங்கள் கட்டணம் 26 சேர்த்து 126 கொடுக்கிறார். விற்பவரிடமிருந்து தரகு 10, காப்பீடு ஒன்றரை, படம் எடுத்துப் பட்டியலில் போட 1, சிப்பம் கட்டி அனுப்ப 3, சோதனைக்கு 2. ஆக 17.5 போனால் கைக்கு 82.5. வாங்குபவர் 126 கொடுத்தார், விற்பவர் 82.5 பெற்றார், நடுவில் 43.5. அதில் தரகும் படச் செலவும் பேரம் பேசக்கூடியவை. நல்ல ஓவியத்துக்கு நீங்கள் இரண்டையும் விட்டுக்கொடுப்பது வழக்கம். கேட்டவருக்கு மட்டும்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றால் ஓவியரின் மறுவிற்பனைப் பங்கும், அதாவது ஓவியம் மறுபடி விற்கும்போது ஓவியருக்கோ அவர் வாரிசுகளுக்கோ சேரும் தொகையும், உண்டு. ஓவியர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டு வரை அது பொருந்தும், விதிப்படி செலுத்த வேண்டியவர் விற்பவர். கிர்ஷ்னர் 1938இல் இறந்ததால் அவருடையதற்கு இல்லை. ஹெக்கல் 1970இல் இறந்தார், ஆகவே 2040 முடியும் வரை உண்டு. முதல் 50,000 யூரோவுக்கு 4 சதவீதம், அதற்கு மேல் 2 லட்சம் வரை 3 சதவீதம், பிறகு குறைந்துகொண்டே போய், மொத்தத்தில் 12,500 யூரோவைத் தாண்டாது. ஒரு லட்சம் யூரோவுக்கு விற்ற ஹெக்கலில் 2,000மும் 1,500மும் சேர்ந்து 3,500 யூரோ. படத்தின் பதிப்புரிமையும் இதே காலக்கணக்கில்தான். துணி குடும்பத்துக்குச் சொந்தம், படத்தின் பதிப்புரிமை ஓவியரின் வாரிசுகளுக்கு.

மதிப்பீட்டு எல்லையை உயர்த்திக் காட்டி ஓவியத்தைப் பிடித்துவிட்டு, ஏலத்துக்கு முந்தின வாரம் 'சந்தை சரியில்லை, அடிவிலையைக் குறையுங்கள்' என்று தொலைபேசி செய்யும் பழக்கத்தை என்ன சொல்வது? குடும்பம் அப்போது மறுக்கும் நிலையில் இல்லை. அடிவிலை, அதாவது அதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற தொகை, மதிப்பீட்டின் கீழ் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதுதான் பொதுவான விதி. அப்படியானால் கீழ் எல்லையைக் கவனமாகத் தாழ்வாக வைப்பதே குடும்பத்துக்கு நல்லது. நான்கு பேர் கை தூக்கினால் விலை தானே ஏறும். எல்லையை ஏற்றி வைத்து, யாரும் கை தூக்காமல் போனால் 'விற்கவில்லை' என்பது இணைய விலைத் தரவுத்தளங்களில் நிலைத்துவிடும். அடுத்து வாங்க வருபவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேரம் தொடங்குவார். சில ஆண்டுகள் அந்த ஓவியத்தை ஏலத்துக்குக் கொண்டுவரவே முடியாது. விற்காவிட்டால் என்ன கட்டணம், பிறகு தனியாக விற்றால் உங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் பணம் வரும், வாங்கியவர் பணம் தராவிட்டால் என்ன, இந்த நான்கையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். காப்பீட்டுக்காக எழுதிய மதிப்பை வைத்துக் குடும்பம் கனவு கண்டால் திருத்துங்கள். அது புதிதாக வாங்கி ஈடுசெய்ய ஆகும் தொகை, விற்றால் கிடைக்கும் தொகை அதைவிடக் குறைவு. வரிக்குக் கேட்பது, பல நாடுகளில், இறந்த நாளில் இருந்த சந்தை மதிப்பு. மூன்றும் மூன்று எண்கள்.

எல்லைதாண்டி விற்கும்போது அனுமதி. ஜெர்மனியில் 2016 பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்டதும் ஒன்றரை லட்சம் யூரோவுக்கு மேற்பட்டதுமான ஓவியத்தை ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப அனுமதி வேண்டும். ஒன்றியத்துக்குள்ளேயே என்றால் 75 ஆண்டும் 3 லட்சமும். மற்ற நாடுகளில் வேறு வேறு. அனுமதி வரும்வரை பணம் நின்றுவிடும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

வாரிசுகள் பலர் என்றால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மட்டும் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாரிசுச் சான்றும் மற்றவர்களின் எழுத்து ஒப்புதலும் இல்லாமல் வாங்கி வைக்காதீர்கள். ஏலத்துக்கு மறுநாள் தங்கையின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வரும்.

பெரிய பெயர் இல்லாத ஓவியங்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். குடும்பங்கள் கொண்டுவருவதில் பெரும்பாலானவை அப்படித்தான். 1920களில் எக்ஸ்பிரஷனிச பாணியில் வரைந்து, 1933க்குப் பிறகு காட்சிக்கு வைக்கத் தடை, நாடுகடத்தல், கொலை என்று பெயரே அழிந்துபோன ஓவியர்கள் எத்தனையோ பேர். அந்த ஓவியங்களுக்குச் சர்வதேசச் சந்தை இல்லை, அந்த ஓவியர் வாழ்ந்த வட்டாரத்தின் ஏலக்கூடத்தில், அவ்வூர் அருங்காட்சியகத்தின் கண்ணில் பட்டால் நல்ல விலை உண்டு. 'ஆர்வமில்லை' என்று எழுதுவதற்குப் பதில் எங்கே போகலாம் என்று ஒரு முகவரி எழுதினால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பட்டியல் சொற்களிலும் நேர்மை வேண்டும். 'கையெழுத்திட்டது' என்பதும் 'கையெழுத்து காணப்படுகிறது' என்பதும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். 'இன்னாருடையது எனக் கருதப்படுகிறது', 'இன்னாரின் வட்டம்', 'இன்னாரின் பாணியில்' என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலை எவ்வளவு இறங்கும் என்பதை, அச்சான பட்டியலில் பார்த்து அதிரும் முன் விற்பவருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு தாள் கேட்கிறோம். ஓவியம் உங்கள் கைக்கு வரும் நாளில், குடும்பத்தார் முன்னிலையில் முன்னும் பின்னும் படம் எடுத்து, விரிசல், உதிர்வு, துளை, கறை என்று இடம் குறித்து நிலை அறிக்கை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். திருப்பித் தரும் நாளிலும் அதே தாளை வைத்து ஒப்பிடுங்கள். ஏலம் போகாமல் திரும்பிய ஓவியத்தின் மூலையில் புதுக் கீறல் இருந்தால், அது உங்கள் கிடங்கில் விழுந்ததா, வீட்டிலேயே இருந்ததா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடிவதில்லை. இழப்பீடு கேட்கும் பொறுப்பு எப்போதும் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது.

இப்படிக்கு,
ஓவியச் சீரமைப்பாளர்களும் கைமாற்ற வரலாற்று ஆய்வாளர்களும்